வீட்டு சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட்: அப்டேட் ஏன் ஒரு கிளிக்கில் முடிவதில்லை?

கூகுள் டிரைவுக்கு மாதாமாதம் பணம் கட்ட மனமில்லாமல், கோப்புகளை நம் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ள உதவும் இலவச மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட்டைப் பழைய கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ போட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர். நிறுவுவது ஒரு சாயங்கால வேலை. வழிகாட்டும் வீடியோக்களும் ஏராளம். சில மாதம் கழித்து நிர்வாகப் பக்கத்தில் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்ற அறிவிப்பு தலைகாட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அமுக்கினால் பாதியில் நின்றுவிடுமோ, குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் போய்விடுமோ என்று பயந்து பலர் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பயத்தில் பாதி நியாயமானதுதான். ஆனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட அடுத்த அப்டேட் இன்னும் கடினமாகிக்கொண்டே போகும். அது ஏன் என்று புரிய, அப்டேட் என்ற சொல்லுக்குள் எத்தனை தனித்தனி வேலைகள் இருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

## ஒன்றல்ல, ஐந்து அடுக்கு

நெக்ஸ்ட்கிளவுட் தனியாக ஓடும் மென்பொருள் அல்ல. அதன் கீழேயும் உள்ளேயும் வேறு மென்பொருள்கள் இருக்கின்றன:

1. இயங்குதளம். வீட்டு சர்வர்களில் பெரும்பாலும் லினக்ஸ் வகைகளான டெபியன் அல்லது உபுண்டு.
2. வெப் சர்வரும் பிஎச்பியும். நெக்ஸ்ட்கிளவுட்டின் சர்வர் பகுதி பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் வழியாக உலாவிக்குப் போகிறது.
3. டேட்டாபேஸ். பெரும்பாலும் மரியாடிபி, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இவற்றில் ஒன்று. யார் யாருக்கு எதைப் பகிர்ந்தார்கள், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, காலண்டர், தொடர்புகள் எல்லாம் இதில்தான்.
4. நெக்ஸ்ட்கிளவுட்.
5. அதற்குள் நாம் சேர்த்துக்கொண்ட ஆப்கள்.

இந்த ஐந்தையும் வெவ்வேறு குழுக்கள் உருவாக்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டுத் தேதி வேறு, ஆதரவு முடியும் தேதி வேறு. டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பு தரும். நெக்ஸ்ட்கிளவுட்டின் 28-ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தது. 29-ஆம் பதிப்பு 2024 ஏப்ரலில், 30 அதே ஆண்டு செப்டம்பரில், 31-ஆம் பதிப்பு 2025 பிப்ரவரியில். ஒரு பெரும்பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பது சுமார் ஓராண்டுதான். டெபியன் ஒரு படி ஏறுவதற்குள் நெக்ஸ்ட்கிளவுட் ஐந்தாறு படி ஏறிவிடுகிறது.

இந்த வேக வித்தியாசம் சாதாரண விஷயமல்ல. நெக்ஸ்ட்கிளவுட்டின் தாய் மென்பொருளான ஓன்கிளவுட் ஒருகாலத்தில் டெபியனின் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைத்தது. பிற்பாடு நீக்கப்பட்டது. பதிப்புகளைத் தாண்டி நேராக அப்டேட் செய்ய வழியில்லாத மென்பொருளை, ஆண்டுக்கணக்கில் ஒரே பதிப்பை வைத்துப் பராமரிக்கும் டெபியனில் வைத்திருப்பது கட்டுப்படியாகவில்லை. ஓன்கிளவுட்டிலிருந்து 2016 ஜூனில் பிரிந்த நெக்ஸ்ட்கிளவுட்டுக்கும் அதே குணம். அதனால் டெபியனின் வழக்கமான அப்டேட் கட்டளையைக் கொடுத்தால் கீழ் அடுக்குகள் புதுப்பிக்கப்படும், நெக்ஸ்ட்கிளவுட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். 'நான்தான் வாராவாரம் அப்டேட் செய்கிறேனே' என்பவர்களும் இரண்டு ஆண்டு பழைய நெக்ஸ்ட்கிளவுட்டோடு இருப்பது இப்படித்தான்.

பதிப்பு எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் அவசியம். 31.0.5 என்றால் 31 பெரும்பதிப்பு, கடைசியில் இருக்கும் 5 திருத்தப் பதிப்பு. திருத்தப் பதிப்பில் பிழைகளும் பாதுகாப்பு ஓட்டைகளும் சரிசெய்யப்பட்டிருக்கும், புதிதாக எதுவும் இருக்காது. பெரும்பதிப்பு மாறும்போது டேட்டாபேஸின் அமைப்பும் தேவைப்படும் பிஎச்பியும் மாறலாம், சில ஆப்கள் நின்றும் போகலாம்.

## அப்டேட் செய்யாவிட்டால் என்ன நடக்கும்?

'என் வீட்டு சர்வரை யார் தேடி வரப்போகிறார்கள்?' என்பது வழக்கமான கேள்வி. யாரும் ஆளைத் தேடி வருவதில்லை. இணையத்தில் திறந்திருக்கும் முகவரிகளை எல்லாம் தானியங்கி நிரல்கள் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன. அவ்வளவுதான்.

2023 நவம்பர் 21 அன்று ஓன்கிளவுட் ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. அதன் ஓர் ஆப்புக்குள் வெளியார் எழுதிய நிரல் தொகுப்பு (நூலகம்) ஒன்று இருந்தது. அந்த நூலகத்தின் சோதனைக் கோப்பு ஒன்று தவறுதலாக உள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் கோப்பின் முகவரிக்குப் போனால் சர்வரின் சூழல் மாறிகள் (நிரல்களுக்குக் கொடுத்துவைக்கும் அமைப்பு மதிப்புகள்) எல்லாம் திரையில் கொட்டும். மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக ஓட்டும் டாக்கரில் நிறுவுபவர்கள் நிர்வாகியின் கடவுச்சொல்லைச் சூழல் மாறியாகக் கொடுப்பது வழக்கம் என்பதால், சில நிறுவல்களில் அதுவும் சேர்ந்தே வெளியாகும். தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. அந்த ஆப்பை முடக்கினால் மட்டும் போதாது, கோப்பையே அழிக்க வேண்டும் என்று அறிவிப்பு சொன்னது. நவம்பர் 25-க்குள் இந்த ஓட்டையைத் தேடித் தட்டும் முயற்சிகள் பெருமளவில் தொடங்கிவிட்டதாக, இணையத் தாக்குதல்களைக் கண்காணிக்கும் கிரேநாய்ஸ் நிறுவனம் பதிவு செய்தது. நடுவில் நான்கே நாள்.

2019-இல் நடந்தது வேறு மாதிரி. அப்போது ஓட்டை நெக்ஸ்ட்கிளவுட்டில் இல்லை. என்ஜின்எக்ஸோடு சேர்ந்து ஓடும் பிஎச்பி-எஃப்பிஎம் பகுதியில் இருந்தது. நெக்ஸ்ட்கிளவுட் ஆவணத்தில் மாதிரியாகக் கொடுத்திருந்த என்ஜின்எக்ஸ் அமைப்பும் அந்த ஓட்டைக்கு இடம்கொடுத்தது. அக்டோபர் 24 அன்று பிஎச்பி திருத்தம் வெளிவந்தது, நெக்ஸ்ட்கிளவுட்டும் அவசர எச்சரிக்கை விடுத்தது. நவம்பரில் 'நெக்ஸ்ட்கிரை' என்ற பணயத் தீநிரல், சர்வரிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.025 பிட்காயின் கேட்டது. பூட்டப்பட்ட கோப்புகள், சர்வரையும் மடிக்கணினியையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் சின்க் வழியாக மடிக்கணினிக்கும் போய், அங்கிருந்த நல்ல பிரதிகளின் இடத்தைப் பிடித்தன. சின்க் என்பது பேக்கப் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நெக்ஸ்ட்கிளவுட்டை மட்டும் புதுப்பித்துவிட்டு பிஎச்பியைக் கவனிக்காமல் விட்டவர்கள் 2019-இல் மாட்டியிருப்பார்கள். இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்த ஓன்கிளவுட் பயனர்கள் 2023-இல். ஐந்து அடுக்கில் எது பழசானாலும் வழி திறந்துவிடும்.

## ஏன் படி தாண்ட முடியாது?

28-இல் இருப்பவர் நேராக 31-க்குப் போக முடியாது. 29, 30, 31 என்று ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். இது வெறும் அறிவுரையல்ல, நிரலுக்குள்ளேயே எழுதப்பட்ட தடை. ஒவ்வொரு பதிப்போடும் வரும் பதிப்புக் கோப்பில், 'எந்தப் பதிப்பிலிருந்து என்னிடம் வரலாம்' என்ற பட்டியல் இருக்கும். அதில் முந்தைய பெரும்பதிப்பும் அதே பெரும்பதிப்பும்தான் உண்டு.

காரணம் டேட்டாபேஸ். பெரும்பதிப்பு மாறும்போது அட்டவணைகளில் நெடுவரிசைகள் சேரும், சில நீங்கும், சில தகவல்கள் இடம்பெயரும். இந்த மாற்றங்களையும் பழுதுபார்ப்புகளையும் செய்யும் நிரல்களை எழுதுபவர்கள், முந்தைய பதிப்பிலிருந்து வருபவர்களை மட்டுமே மனதில் வைத்து எழுதிச் சோதிக்கிறார்கள். மூன்று பதிப்புக்கு முந்தைய டேட்டாபேஸ் எப்படி இருக்கும் என்று புதிய நிரலுக்குத் தெரியாது.

ஏறிய பிறகு இறங்கவும் முடியாது. பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரே வழி, அப்டேட்டுக்கு முன் எடுத்த பேக்கப்பை மீட்பது.

## பிஎச்பியில்தான் பெரும்பாலோர் மாட்டுகிறார்கள்

ஒவ்வொரு நெக்ஸ்ட்கிளவுட் பதிப்பும் தனக்கு ஒத்துவரும் பிஎச்பி பதிப்புகளுக்கு ஒரு கீழ் வரம்பும் ஒரு மேல் வரம்பும் வைத்திருக்கிறது. மேல் வரம்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. புதிய பிஎச்பி போட்டால் நல்லதுதானே என்று நினைத்துப் போட்டுவிட்டு, மறுநாள் வெள்ளைப் பக்கத்தில் ஒற்றை வரிப் பிழைச் செய்தியைப் பார்க்கிறார்கள்.

நிஜக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம்.

டெபியன் 11-உடன் வருவது பிஎச்பி 7.4.
டெபியன் 12-உடன் வருவது பிஎச்பி 8.2.
நெக்ஸ்ட்கிளவுட் 25 ஏற்பது 7.4, 8.0, 8.1.
நெக்ஸ்ட்கிளவுட் 26 ஏற்பது 8.0, 8.1, 8.2.

டெபியன் 11-இல் இருப்பவர் 25 வரை வரலாம். 26-க்குப் போகப் பார்த்தால், பிஎச்பி பழையது என்று மறுக்கும். சரி, இயங்குதளத்தை ஏற்றிவிடலாம் என்று டெபியன் 12-க்குப் போனால் பிஎச்பி 8.2 வந்துவிடும், அப்போது 25 ஓட மறுக்கும். நெக்ஸ்ட்கிளவுட் ஏற முதலில் டெபியன் ஏற வேண்டும், டெபியன் ஏற முதலில் நெக்ஸ்ட்கிளவுட் ஏற வேண்டும். இரண்டு பேருந்தும் ஒரே நேரத்தில் நிற்கும் நிறுத்தம் இந்த வழித்தடத்தில் இல்லை.

உபுண்டுவில் இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை வரவில்லை. 20.04-இல் 7.4, 22.04-இல் 8.1. நெக்ஸ்ட்கிளவுட் 25 இரண்டிலும் ஓடும். அதே நெக்ஸ்ட்கிளவுட்தான், எந்த லினக்ஸ் மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒருவருக்கு அரை மணி நேர வேலை, இன்னொருவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

டெபியன்காரர்களுக்கான வழி, டெபியனின் பிஎச்பி பொதிகளைப் பராமரிக்கும் ஓண்ட்ரே சூரி நடத்தும் தனிக் களஞ்சியம். அதில் பல பிஎச்பி பதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். டெபியன் 11-இலேயே அங்கிருந்து 8.1-ஐப் போட்டு, நெக்ஸ்ட்கிளவுட்டை 26-க்கு ஏற்றி, பிறகு டெபியனை ஏற்றலாம். செய்யும்போது இரண்டு இடத்தில் கால் இடறும்:

1. பிஎச்பி நீட்சிகள் (கூடுதல் வசதிகளுக்கான துணைப் பொதிகள்) பதிப்புக்குப் பதிப்பு தனி. 7.4-க்கு நிறுவிய ஜிடி, கர்ல், ஜிப், இன்ட்ல், எம்பிஸ்ட்ரிங், டேட்டாபேஸ் நீட்சி எல்லாவற்றையும் 8.1-க்கு மறுபடி நிறுவ வேண்டும். முன்பு மாற்றிவைத்த நினைவக வரம்பு, பதிவேற்ற அளவு போன்றவையும் புதிய அமைப்புக் கோப்பில் இருக்காது.
2. வெப் சர்வர் பயன்படுத்தும் பிஎச்பியும், கட்டளைவரியில் ஓடும் பிஎச்பியும் வேறு வேறாக இருக்கலாம். உலாவியில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் கட்டளைவரியிலிருந்து நெக்ஸ்ட்கிளவுட்டை நிர்வகிக்கும் ஓசிசி கட்டளையும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் தானாக ஓடும் கிரான் வேலையும் வேறு பதிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுபோகும். கட்டளைவரியில் பிஎச்பி பதிப்பைக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெரும்பதிப்பு எதற்குப் போனாலும், போகும் பதிப்பின் ஆவணத்தில் கணினித் தேவைகள் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டால் இந்த மாதிரி முட்டுச்சந்துகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்துவிடும். அங்கே டேட்டாபேஸ் பதிப்புக்கும் இப்படி வரம்பு இருப்பதைக் காணலாம்.

## அப்டேட்டர் எடுக்கும் பேக்கப்பை நம்பலாமா?

உலாவியில் அப்டேட்டை ஓட்டும்போது 'பேக்கப் எடுக்கப்படுகிறது' என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது நெக்ஸ்ட்கிளவுட்டின் நிரல் கோப்புகளையும் அமைப்புக் கோப்பையும் மட்டும் எடுத்துவைக்கிறது. டேட்டாபேஸ் அதில் இல்லை. நம் புகைப்படங்களும் இல்லை. நிரல் கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம், இழந்தால் கிடைக்காதவை மற்ற இரண்டும்தான்.

முழு பேக்கப் என்றால்:

1. அமைப்புக் கோப்புறை. டேட்டாபேஸ் கடவுச்சொல்லோடு, இந்த நிறுவலுக்கே உரிய இரகசியச் சாவிகளும் இதில் இருக்கின்றன.
2. தரவுக் கோப்புறை.
3. டேட்டாபேஸின் டம்ப், அதாவது அதன் உள்ளடக்கம் முழுவதையும் கோப்பாக எடுத்த பிரதி.
4. தோற்றத்தை மாற்றியிருந்தால் தீம் கோப்புறை.

எடுக்கும் முன், பயனர்களைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பராமரிப்பு நிலையை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் டேட்டாபேஸை எடுத்த நேரத்துக்கும் கோப்புகளை எடுத்த நேரத்துக்கும் நடுவில் யாராவது கைபேசியிலிருந்து படம் ஏற்றியிருப்பார்கள், இரண்டும் பொருந்தாது. பேக்கப் அதே வட்டில் இருந்தால் அது பேக்கப் கணக்கில் சேராது.

மீட்கும்போது அதிகம் பேர் அறியாத ஒரு படி உண்டு. மூன்று நாள் பழைய பேக்கப்பை மீட்டுவிட்டால், கடந்த மூன்று நாளில் சேர்ந்த கோப்புகள் சர்வரில் இருக்காது. மடிக்கணினியின் சின்க் ஆப் அதைப் பார்த்து 'சர்வரில் அழித்துவிட்டார்கள் போல' என்று எண்ணித் தன்னிடம் இருப்பதையும் அழித்துவிடக்கூடும். இதைத் தடுக்க ஓசிசியில் தரவுக் கைரேகையை மாற்றும் கட்டளை இருக்கிறது. மீட்டவுடன் அதை ஓட்டினால், சர்வர் பேக்கப்பிலிருந்து மீண்டிருக்கிறது என்று சின்க் ஆப்களுக்குத் தெரிந்துவிடும். எதையும் தானாக அழிக்காது.

## அப்டேட் ஓடும்போது

அப்டேட்டர் முதலில் நெக்ஸ்ட்கிளவுட் கோப்புறையில் தனக்குத் தெரியாத கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். எப்போதோ அவசரத்துக்குப் போட்டுவைத்த பழைய ஜிப் கோப்பு ஒன்று இருந்தாலும் நின்றுவிடும். பிறகு எழுதும் அனுமதி, பதிவிறக்கம், கையொப்பச் சோதனை, பழைய நிரலை நீக்கிப் புதியதை வைப்பது என்று வரிசையாக நடக்கும். கடைசியில்தான் டேட்டாபேஸ் மாற்றம்.

உலாவியில் செய்வதைவிடக் கட்டளைவரியில் செய்வதே மேல். உலாவி வழியாகப் போனால் வெப் சர்வரின் நேர வரம்பு குறுக்கிடும். கொஞ்சம் பெரிய டேட்டாபேஸ், மெதுவான எஸ்டி கார்டு என்றால் பாதியில் அறுந்துபோவது சகஜம். கட்டளைவரியில் அந்த வரம்பு இல்லை. அப்டேட்டரும் அங்கே கிடைக்கிறது, ஓசிசியின் அப்கிரேடு கட்டளையும் இருக்கிறது. வேறு கணினியிலிருந்து இணைந்து செய்தால், இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும்படி டிமக்ஸ் மாதிரி ஒன்றுக்குள் ஓட்டுவது புத்திசாலித்தனம். நடுவில் கரண்ட் போவதற்கு எந்தக் கட்டளையும் மருந்தல்ல, யுபிஎஸ்தான்.

பாதியில் நின்று, எல்லாப் பக்கமும் 'பராமரிப்பு நிலை' என்றே காட்டினால் பதறத் தேவையில்லை. முதலில் ஓசிசியில் அப்கிரேடு கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். அது முடிந்திருந்தால் பராமரிப்பு நிலையை அணைக்கலாம். டேட்டாபேஸ் மாற்றம் முடியாத நிலையில் அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த வரியை மட்டும் மாற்றுவது பிரச்சினையை மறைக்கும், தீர்க்காது.

முடிந்ததும் நிர்வாகப் பக்கத்தின் எச்சரிக்கைகளைப் பார்க்கவும். டேட்டாபேஸில் தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ்கள் ஏதாவது விடுபட்டிருந்தால் அவற்றைச் சேர்க்க ஓசிசியில் தனிக் கட்டளை உண்டு. புதிய பதிப்புக்கு இன்னும் தயாராகாத ஆப்கள் முடக்கப்பட்டிருக்கும். தினமும் தேவைப்படும் ஆப் ஒன்று அந்தப் பட்டியலில் இருக்குமா என்று ஏறும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

## டாக்கர் வந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

ஒன்று தீர்ந்தது. பிஎச்பியும் வெப் சர்வரும் நெக்ஸ்ட்கிளவுட்டும் ஒரே இமேஜுக்குள் (டாக்கரின் தயார்ப் பொதி; அது ஓடும்போது கன்டெய்னர்) பொருத்தமாக வந்துவிடுவதால், மேலே பார்த்த டெபியன் முட்டுச்சந்து இங்கே இல்லை.

மற்றபடி விதிகள் மாறவில்லை. இமேஜின் பெயரோடு 'லேட்டஸ்ட்' என்று போட்டு ஓராண்டு மறந்துவிட்டு, ஒருநாள் புதிய இமேஜை இழுத்தால், நடுவில் இரண்டு பெரும்பதிப்பு போயிருக்கும். கன்டெய்னர் துவங்க மறுத்து, ஒரு நேரத்தில் ஒரு பெரும்பதிப்புதான் என்ற செய்தியோடு நின்றுவிடும். 'லேட்டஸ்ட்' வேண்டாம், 31 என்று பெரும்பதிப்பு எண்ணையே போட்டுவைத்தால் திருத்தப் பதிப்புகள் மட்டும் வரும், பெரும்பதிப்பு நாம் மாற்றும்போதுதான் மாறும்.

டேட்டாபேஸ் கன்டெய்னருக்கு இது இன்னும் முக்கியம். போஸ்ட்கிரெஸ் 15 எழுதிய தரவை 16 நேராகத் திறக்காது. எண்ணை மாற்றிவிட்டு கன்டெய்னரை ஓட்டினால் பிழைச் செய்தியோடு நிற்கும். பழைய பதிப்பில் டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். கன்டெய்னர்களைத் தானாகப் புதுப்பிக்கும் கருவிகளிடம் டேட்டாபேஸை ஒப்படைக்கவே கூடாது என்பது என் கருத்து.

இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனமே தரும் 'ஆல்-இன்-ஒன்' தொகுப்பு இருக்கிறது. அதில் போர்க் என்ற பேக்கப் கருவியும் உள்ளேயே வருகிறது. உபுண்டுவின் ஸ்னாப் வடிவம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். இரண்டிலும் நம் இஷ்டத்துக்கு அமைப்பை மாற்றும் சுதந்திரம் குறைவு. வீட்டில் நான்கு பேர் புகைப்படம் வைத்துக்கொள்ள அந்தச் சுதந்திரம் எதற்கு என்பதையும் யோசிக்கலாம்.

## எப்போது ஏற வேண்டும்?

திருத்தப் பதிப்பை, வந்த வாரத்துக்குள். பெரும்பதிப்பை, அதன் முதல் ஒன்றிரண்டு திருத்தங்கள் வந்த பிறகு. ஒரு பெரும்பதிப்பிலிருந்து கிளம்பும் முன் அதன் கடைசித் திருத்தப் பதிப்புக்கு வந்துவிட வேண்டும். இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானியங்கியாக விட்டுவிடலாம். புதிய பதிப்பு வந்த செய்தியைப் படித்தும் நம் சர்வரில் அறிவிப்பு வரவில்லை என்றால் பழுதல்ல. பயனர்களுக்குப் பகுதி பகுதியாகத்தான் அறிவிப்பு அனுப்புகிறார்கள்.

சர்வரைப் பொது இணையத்தில் திறக்காமல் வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற தனிப்பட்ட விபிஎன் வழியாக மட்டும் அணுகுபவர்களுக்கு அவசரம் சற்றுக் குறையும், வேலை குறையாது. இந்தியாவில் பல வீட்டு இணைப்புகளுக்குத் தனிப் பொது முகவரி கிடைக்காததால், டனல் சேவை மூலம் சர்வரை வெளியே கொண்டுவருபவர்கள் உண்டு. அந்த முகவரி யாரும் திறக்கக்கூடியதாக இருந்தால் அதுவும் பொது இணையம்தான். நெக்ஸ்ட்கிளவுட்டின் ஸ்கேன் தளத்தில் முகவரியைக் கொடுத்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நம் பதிப்பு எவ்வளவு பழசாகத் தெரிகிறது என்று மதிப்பீடு கிடைக்கும்.

## ஏற்கெனவே வெகுதூரம் பின்தங்கியவர்களுக்கு

20-ஆம் பதிப்பில் நின்றுபோனவர் 31-க்கு வர பதினொரு படி. பிஎச்பி கணக்கைச் சரியாகப் போட்டால் நடுவில் ஒரே ஒரு மாற்றம் போதும். 20 முதல் 25 வரை 7.4-இல் ஏறலாம். 25-இல் நின்று 8.1-க்கு மாறிக்கொண்டால், அதே 8.1-இல் 31 வரை வந்துவிடலாம். பிஎச்பி 8.1-க்கும் ஆதரவு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டதால் அங்கேயே தங்கக் கூடாது, வந்து சேர்ந்தவுடன் 8.3-க்கு மாற வேண்டும். வழியில் டேட்டாபேஸையும் ஏற்ற வேண்டிவரும். ஒவ்வொரு படியிலும் ஒருமுறை உள்ளே நுழைந்து ஒரு கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, டம்ப் எடுத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவது நல்லது. முடியும்வரை சர்வரை வெளியுலகத்திடமிருந்து துண்டித்து வைக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் நிற்கும் ஒவ்வொரு பதிப்பும் காலாவதியானது.

ஒருவர் இருவர் மட்டும் பயன்படுத்தும் சர்வரென்றால் வேறு வழியும் உண்டு. கோப்புகளை வெளி வட்டுக்கு எடுத்து, காலண்டரையும் தொடர்புகளையும் ஏற்றுமதி செய்துகொண்டு, புதிதாக நிறுவி மறுபடி ஏற்றிவிடலாம். பகிர்வு இணைப்புகள், கோப்புகளின் பழைய பிரதிகள், குறிப்புரைகள், குறிச்சொற்கள் போய்விடும். சர்வர் பக்கக் குறியாக்கத்தை இயக்கியிருந்தவர்கள் மட்டும் இதை நேராகச் செய்யக் கூடாது. வட்டிலுள்ள கோப்புகள் அப்படியே படிக்க முடியாதவை, முதலில் பழைய சர்வரிலேயே குறியாக்கத்தை நீக்க வேண்டும், அல்லது சின்க் ஆப் வழியாக ஒரு கணினிக்கு முழுவதையும் இறக்கிக்கொள்ள வேண்டும்.